வேலைக்காரர் திருடினால் ஏழு ஆண்டு சிறை, முதலாளி திருடினால் அபராதமா?

நான் எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது என் அத்தை சென்ற ஜீப் மலைச் சாலையில் கவிழ்ந்தது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து இடுக்கி ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போன ஜீப் அது. அத்தைக்கு இடுப்பெலும்பு முறிந்தது. எங்கள் தெருவில் இன்னும் மூன்று பெண்களுக்குக் காயம். தோட்டக்காரர் ஒரு மூட்டை அரிசியும் ஐயாயிரம் ரூபாயும் கொடுத்தனுப்பினார். அந்த வாரத்துக் கூலியில் விபத்து நடந்த நாளைக் கழித்துக்கொண்டார். வேலைக்கு வந்து சேரவில்லையே, எப்படிக் கூலி கொடுப்பது?

போலீஸ் வழக்குப் பதிந்தது. குற்றவாளி ஓட்டுநர். அவரும் எங்கள் தெருக்காரர்தான், அவருக்கும் கை முறிந்திருந்தது. பதினான்கு பேரை ஏற்றச் சொன்னது அவரில்லை. ஏழரை மணிக்குள் தோட்டத்தில் நிற்காவிட்டால் அரை நாள் கூலிதான் என்று விதித்ததும் அவரில்லை. "ஏத்துனவன் ஒருத்தன், ஏறச் சொன்னவன் ஒருத்தன், உள்ளே போனது ஓட்டுனவன்" என்று அத்தை இன்றும் சொல்வார். முனைவர் பட்ட ஆய்வுக்காகத் தொழிலாளர் சட்டங்களைப் பல ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். அத்தையின் அந்த ஒரு வரியைத் தாண்டி எந்தச் சட்டமும் எனக்குப் பெரிதாக ஒன்றும் சொல்லித் தரவில்லை.

கம்பம், கூடலூர், உத்தமபாளையம், கோம்பை, தேவாரம், போடி என்று பள்ளத்தாக்கின் எந்த ஊரிலும் விடியற்காலை நாலரை மணிக்கு நின்று பாருங்கள். தூக்குவாளியும் தலைத்துணியும் அட்டைப்பூச்சிக்குப் புகையிலையுமாகப் பெண்கள் ஜீப்புக்குக் காத்திருப்பார்கள். கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக அந்த ஜீப்புகள் மலை ஏறும். எல்லாச் சாதி ஏழைகளும் ஏறுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் என் ஊரில் முதல் ஜீப் காலனி முக்கிலிருந்துதான் கிளம்புகிறது, கடைசி ஜீப் அங்கேதான் வந்து நிற்கிறது. நிலமில்லாதவர் யாரோ, அவர்தான் அடுத்தவர் மலைக்குப் போகிறார். இந்தப் பள்ளத்தாக்கில் நிலமில்லாதவர் யார் என்பதைச் சாதிதான் தீர்மானித்தது.

இந்த ஜீப்புகள் கவிழ்வது மாவட்டச் செய்திப் பக்கத்தின் வழக்கமான செய்தி. 2023 ஆகஸ்ட் 25 அன்று வயநாட்டின் தலப்புழா அருகே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிவந்த ஜீப் பள்ளத்தில் உருண்டு ஒன்பது பெண்கள் இறந்தார்கள். அப்போது கேரளமும் தமிழ்நாடும் சில நாள்கள் அதிர்ந்தன. பிறகு மறுபடி ஜீப், மறுபடி பதினான்கு பேர்.

ஒரே மலை, இரண்டு வகைச் சாவு

சாவுக்குப் பொறுப்பானவரைத் தேட இந்த அரசுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று போடி அருகே குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றத்துக்குச் சென்ற 23 பேர் உயிரிழந்தார்கள். நெஞ்சைப் பிளந்த சாவுகள் அவை. அரசு உடனே விசாரணை அதிகாரியை நியமித்தது. அனுமதி கொடுத்தது யார், அழைத்துப் போனது யார், வனத்துறை ஏன் தடுக்கவில்லை என்ற கேள்விகள் எழுந்தன. ஏற்பாட்டாளர்கள் மீது வழக்குப் பதிவானது, வனத்துறையில் நடவடிக்கை வந்தது. கேட்க வேண்டிய கேள்விகள்தாம் அவை.

அதே போடி மலையில் கூலிக்குப் போகிறவர் சாகும்போது மட்டும் 'அழைத்துப் போனது யார்' என்ற கேள்வி ஏன் ஓட்டுநரோடு நின்றுவிடுகிறது? பொழுதுபோக்குக்கு மலையேறியவர்களின் சாவுக்கு ஏற்பாட்டாளர் உண்டென்றால், பிழைப்புக்கு மலையேறியவர்களின் சாவுக்கும் ஏற்பாட்டாளர் உண்டு. எத்தனை ஆள் வேண்டும் என்று தோட்டம் சொல்கிறது. ஆள் பிடிக்கிறார் மேஸ்திரி. தலைக்கு இவ்வளவு என்று ஜீப் வாடகை பேசப்படுகிறது. தலைக்கு இவ்வளவு என்றால் தலை கூடக்கூட லாபம். கூட்டம் தற்செயலாகச் சேர்வதில்லை, கணக்குப் போட்டுத்தான் ஏற்றப்படுகிறது. கணக்குப் போட்டவர் பெயர் முதல் தகவல் அறிக்கையில் இருக்காது.

மலைக்கு மேலே குடியிருப்பவர்களின் கதை இன்னும் மோசம். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் நிலச்சரிவு தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளை மூடியது. 70 உயிர்கள். பெரும்பாலோர் கயத்தாறு பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழ்த் தலித்துகள். மறுநாள் கோழிக்கோட்டில் விமான விபத்து. விமானத்தில் இறந்தவர்களுக்குக் கேரள அரசு அறிவித்தது 10 லட்சம், பெட்டிமுடியில் இறந்தவர்களுக்கு 5 லட்சம். மண்ணுக்குள் போன உயிருக்குப் பாதி விலை!

மழையை யாரும் கைது செய்ய முடியாது. ஆனால் தோட்டத் தொழிலாளி தன் வீட்டைத் தானே தேர்ந்தெடுப்பதில்லை. வேலை கொடுப்பவர் கொடுக்கும் வீட்டில்தான் இருக்க வேண்டும், வேலை போனால் வீடும் போகும். தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்தவருக்குச் சொந்தமாக ஒரு சென்ட் கிடையாது. இன்ன சரிவில், இன்ன ஓடைக்கரையில் குடும்பங்களைக் குடிவைக்கலாம் என்று ஒரு காலத்தில் யாரோ முடிவெடுத்தார்கள். அங்கேயே தொடரட்டும் என்று ஆண்டுதோறும் யாரோ முடிவெடுத்தார்கள். இயற்கைப் பேரிடர் என்ற சொல் இந்த முடிவுகளையெல்லாம் சேர்த்துப் புதைத்துவிடுகிறது.

பள்ளத்தாக்குக்குள்ளும் இதே கதைதான். பன்னீர் திராட்சைத் தோட்டத்தில் முகமூடி இல்லாமல் மருந்தடித்துவிட்டு இரவெல்லாம் வாந்தியெடுப்பவருக்குக் கிடைக்கும் பதில், "உனக்கு உடம்பு சரியில்லப்பா, ரெண்டு நாள் வராத." அந்த ரெண்டு நாளுக்கும் கூலி கிடையாது. பஞ்சாலையில் விரல் போன பெண் 'கவனக்குறைவாக' இருந்தவர். எந்த இடத்திலும் தவறு உழைத்தவருடையதாகவே இருக்கிறது.

திருட்டுக்கு இரண்டு சட்டங்கள்

கூலித் திருட்டு என்ற சொல்லைக் கேட்டால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். கூலிப் பாக்கி, கூலிப் பிரச்சினை என்றால் பரவாயில்லையாம். சரி, சட்டப் புத்தகத்தைத் திறப்போம்.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 306-ஆம் பிரிவு, வேலைக்காரர் தன் எஜமானரின் பொருளைத் திருடுவதைத் தனிக் குற்றமாக வைத்திருக்கிறது. ஏழு ஆண்டு வரை சிறை. சாதாரணத் திருட்டுக்கு மூன்று ஆண்டு, எஜமானரிடம் திருடினால் ஏழு. நம்பிக்கை துரோகமாம். பிரிட்டிஷார் எழுதிய பழைய தண்டனைச் சட்டத்தின் 381-ஆம் பிரிவு, பெயர் மாறி அப்படியே வந்திருக்கிறது.

எஜமானர் வேலைக்காரரிடமிருந்து திருடினால்? ஊதியச் சட்டத் தொகுப்பு 2019-இன் 54-ஆம் பிரிவு: கொடுக்க வேண்டியதைவிடக் குறைவாகக் கூலி கொடுத்தால் 50,000 ரூபாய் வரை அபராதம். ஐந்து ஆண்டுகளுக்குள் மறுபடியும் அதே குற்றத்தில் சிக்கினால்தான் மூன்று மாதம் வரை சிறை, அதுவும் 'அல்லது அபராதம்' என்ற சொல்லோடு. முதல்முறை அபராதத்தில் பாதித் தொகையைக் கட்டி வழக்கையே சமரசமாக முடித்துக்கொள்ள 56-ஆம் பிரிவு வழிவிடுகிறது. 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கே ஆறு மாதம் வரை சிறை என்றாவது எழுதியிருந்தது. அதையும் எடுத்துவிட்டார்கள். 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தபோது ஒன்றிய அரசு இதற்குச் சூட்டிய பெயர் சீர்திருத்தம்.

இரண்டு பிரிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒரு கிலோ ஏலக்காயை மடியில் கட்டிக்கொண்டு வந்த பெண் ஏழாண்டுக் குற்றவாளி. ஐம்பது பெண்களின் கூலியில் நாளுக்கு ஐம்பது ரூபாய் பிடித்தவர் இருபத்தைந்தாயிரம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். அவர் ஒரு நாளில் பிடித்தது 2,500 ரூபாய். பத்தே நாளில் சமரசத் தொகை திரும்பிவிடும்.

உயிருக்கு என்ன விலை? பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020-இன்படி, கடமையை மீறியதால் தொழிலாளி இறந்தால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஐந்து லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். இங்கும் அந்த 'அல்லது' இருக்கிறது. முதலாளிகளுக்காக எழுதப்படும் தண்டனைச் சட்டத்தில் மிக முக்கியமான சொல் இந்த 'அல்லது'தான். 1984-இல் போபாலில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற விஷவாயு வழக்கில், கொலையாகாத மரணம் விளைவித்தல் என்ற குற்றச்சாட்டை 1996-இல் உச்ச நீதிமன்றம் கவனக்குறைவு என்று குறைத்தது. 2010-இல் இந்திய அதிகாரிகளுக்குக் கிடைத்தது இரண்டு ஆண்டு, உடனே பிணை. தொழிலாளி சாவுக்கான அதிகபட்சத்தைப் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு இன்றும் அந்த இரண்டு ஆண்டில்தான் நிறுத்தி வைத்திருக்கிறது.

இந்த இரண்டு ஆண்டுகூட ஜீப்பில் போகும் பெண்களுக்கு எட்டுமா? 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஐந்து ஹெக்டேருக்கும் பதினைந்து ஆளுக்கும் குறைந்த தோட்டங்களைக் கண்டுகொள்ளவில்லை. ஏலக்காடுகளில் சிறு தோட்டங்கள் ஏராளம். வேலையிடம் கேரளத்தில், வீடு தமிழ்நாட்டில். அங்குள்ள தொழிலாளர் துறைக்கு இவர்கள் மாலையில் இறங்கிப் போய்விடுகிற ஆள்கள், இங்குள்ள துறைக்கோ வேலையிடம் எல்லைக்கு அப்பால். முல்லைப் பெரியாறு தண்ணீருக்காக இரண்டு அரசுகளும் உச்ச நீதிமன்றம் வரை போயின. 2011 டிசம்பரில் அந்தப் பிரச்சினை முற்றியபோது ஏலத்தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்டுக் காட்டுவழியில் ஓடிவந்தவர்கள் இந்தத் தொழிலாளர்கள். அவர்களுடைய கூலிக்காக எந்த அரசு எந்த நீதிமன்றப் படி ஏறியது?

குற்றம் என்ற சொல் யாருக்காகப் பிறந்தது?

'தொழிலாளர் பிரச்சினையைக் குற்றவியல் ஆக்காதீர்கள், முதலீடு பயந்துவிடும்' என்கிறார்கள். தொழிலாளர் பிரச்சினை குற்றவியலாக இல்லாத நாள் எது? 1859-ஆம் ஆண்டுச் சட்டம், முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால் சிறை என்றது. 1920-களின் நடுப்பகுதி வரை அது உயிரோடு இருந்தது. கங்காணியிடம் கடன்பட்டு மலையேறியவருக்கு ஓடிப்போவதே குற்றம்.

இந்தப் பள்ளத்தாக்கு இன்னொன்றையும் பார்த்திருக்கிறது. குற்றப் பரம்பரைச் சட்டம் பிறமலைக் கள்ளர்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்றது. கைரேகை வைக்க மறுத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று 16 பேர் துப்பாக்கிக்குப் பலியானார்கள். பச்சைக் குழந்தையைக்கூடக் குற்றவாளி என்று எழுதத் தெரிந்த சட்டத்துக்கு, செய்த காரியத்துக்காக ஒரு தோட்ட முதலாளியைக் குற்றவாளி என்று எழுத மட்டும் கை நடுங்குகிறது.

கீழ்வெண்மணியை மறந்துவிட்டோமா? கூலியை உயர்த்திக் கேட்டதற்காக 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரிக்கப்பட்டார்கள். 1973-இல் உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. காரும் நிலமும் உள்ள பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துவந்து தீ வைத்திருப்பார்கள் என்று நீதிமன்றத்தால் நம்ப முடியவில்லை. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்களில் 17 பேர் தாமிரபரணியில் பிணமாக மிதந்தார்கள். கூலி கேட்பது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை, கூலி மறுப்பது சிவில் பிரச்சினை. இதுதான் நமக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட நீதி.

அம்பேத்கரை அரசமைப்புச் சட்டத்தோடு மட்டும் நிறுத்திக்கொள்ளும் தோழர்கள் 1938-ஐயும் படிக்க வேண்டும். வேலைநிறுத்தத்தைத் தண்டனைக்குரியதாக்கிய பம்பாய் தொழில் தகராறு மசோதாவைச் சட்டமன்றத்தில் எதிர்த்தார். நவம்பர் 7 அன்று கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து பெரும் வேலைநிறுத்தத்தை நடத்தினார். உழைப்பவரைக் குற்றவாளியாக்கும் சட்டம் அவரை அடிமையாக்கும் சட்டம் என்பதே அவர் வாதத்தின் சாரம். சாதி ஒழிப்பும் கூலியும் வேறு வேறு வேலைத்திட்டங்கள் என்று அவர் நினைக்கவில்லை.

'சிறை தீர்வாகுமா?'

இந்தக் கேள்வியை நம் பக்கத்திலிருந்தே நேர்மையாகக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். சிறைகளில் அடைந்து கிடப்பவர்கள் தலித்துகளும் பழங்குடிகளும் முஸ்லிம்களும்தானே, இன்னும் தண்டனை கேட்கலாமா என்கிறார்கள். மதிக்க வேண்டிய கேள்வி. ஆனால் இன்றைக்கும் பணியிடச் சாவுக்குச் சிறைக்குப் போகிறவர் இருக்கிறார். ஜீப் ஓட்டுநர் போகிறார். பட்டாசு ஆலை வெடித்தால் போர்மேன் போகிறார், உரிமத்தை உள்குத்தகைக்கு விட்டவர் வெளியூரில் இருக்கிறார். நான் கேட்பது புதுச் சிறைகளை இல்லை. கீழே நிற்கும் சட்டம் படியேறி முடிவெடுத்தவரின் கதவைத் தட்ட வேண்டும் என்கிறேன். அது நடந்தால் ஓட்டுநர் சிறைக்குப் போவதும் குறையும்.

'செத்தவர் குடும்பத்துக்குச் சிறையால் என்ன பயன், பணம் கொடுங்கள்' என்பது அடுத்த வாதம். பணம் கட்டாயம் வேண்டும். வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்தும் வேலையோடு தொடர்புடையதாக இருக்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது நல்ல செய்தி. ஆனால் இழப்பீடு மட்டுமே இருந்தால் உயிர் ஒரு செலவுக் கணக்காகிவிடும். உரம், மருந்து, ஜீப் வாடகை, சாவு என்று வரவு செலவு நோட்டில் அதுவும் ஒரு வரி.

'சிறு விவசாயி என்ன செய்வான்?' நான்கு ஏக்கர்க்காரருக்கும் நானூறு ஏக்கர் தோட்டத்துக்கும் ஒரே தண்டனை வேண்டாம். யார் கையில் எவ்வளவு அதிகாரமோ அவ்வளவு பொறுப்பு. ஆனால் பதினான்கு பேரை ஒரு ஜீப்பில் அடைக்காமல் இருக்க யாரும் பணக்காரராக இருக்கத் தேவையில்லை.

'தொழில் வேறு இடத்துக்குப் போய்விடும்.' ஏலக்காய்க்கு இந்த மலையின் மழையும் நிழலும் வேண்டும். மலை எங்கே போகும்?

மற்ற நாடுகளில் இது நடந்திருக்கிறது. தென்கொரியாவில் 2018 டிசம்பரில் அனல்மின் நிலையக் கன்வேயரில் சிக்கி 24 வயது ஒப்பந்தத் தொழிலாளி கிம் யோங்-குன் இறந்தார். அவருடைய தாய் தெருவில் இறங்கினார், உண்ணாவிரதம் இருந்தார். 2022 ஜனவரியில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. பாதுகாப்புக் கடமையில் தவறித் தொழிலாளி இறந்தால் தொழில் நடத்துபவருக்குக் குறைந்தது ஓர் ஆண்டு சிறை அல்லது அபராதம் என்றது அது. 2023 ஏப்ரலில் ஒரு எஃகு நிறுவனத் தலைவர் உள்ளே போனார். அந்தத் தாயின் மகனுடைய வழக்கிலோ, பழைய சட்டத்தின்கீழ், மின் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் 2023 டிசம்பரில் விடுதலையானார். பழைய சட்டம் எந்தப் படியில் நின்றது, புதுச் சட்டம் எந்தப் படிக்கு ஏறியது என்பதை இந்த இரண்டு தீர்ப்புகளுமே காட்டிவிடுகின்றன. ஆஸ்திரேலியாவில் 2025 ஜனவரி முதல் வேண்டுமென்றே கூலியைத் திருடுவது பத்து ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

நம் கையில் இருக்கும் ஆயுதம்

முன்மாதிரிக்குக் கொரியா வரை போக வேண்டியதில்லை. நம் இயக்கங்கள் போராடிப் பெற்ற 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. வழக்குப் பதிவிலிருந்தே படிப்படியாக நிவாரணம். கடமை தவறும் அரசு அதிகாரிக்கும் தண்டனை. பாதிக்கப்பட்டவரை அறிந்தவருக்கு அவருடைய சாதியும் தெரியும் என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ள வழி. 2015 திருத்தத்தில் வழக்கின் ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவரின் குரலைக் கேட்க வேண்டும் என்ற உரிமை. இந்த நான்கையும் பணியிடச் சாவுக்கும் கொண்டுவாருங்கள் என்பதே நம் கோரிக்கையாக இருக்க வேண்டும். ஆபத்து தனக்குத் தெரியாது என்று முதலாளி சொல்ல முடியாது, தெரியும் என்றே சட்டம் கொள்ள வேண்டும். ஆய்வுக்கே வராத ஆய்வாளரும் கூண்டில் நிற்க வேண்டும். சாவு வழக்கில் சமரசம் கூடாது. அபராதம் வருவாயின் விகிதத்தில் இருக்க வேண்டும். ஜீப் கவிழ்ந்தால் தோட்டமும் மேஸ்திரியும் முதல் தகவல் அறிக்கையில் வர வேண்டும். எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்களுக்குத் தேனியும் இடுக்கியும் கூட்டாக ஒரு பதிவேடு வைக்க வேண்டும்.

புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்பின் 23-ஆம் கூறு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்று 1982-இல் ஏசியாட் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தலித்தையோ பழங்குடியையோ கட்டாய உழைப்பில் ஈடுபடுத்துவது வன்கொடுமை என்கிறது 1989 சட்டத்தின் 3(1)(h) பிரிவு. இரண்டையும் சேர்த்துப் படித்தால் என்ன வருகிறது? தலித் தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலியை மறுக்கும் சாதி இந்து முதலாளி செய்வது வன்கொடுமை. இது என் வாதம், தயாராக இருக்கும் தீர்ப்பு இல்லை. ஆனால் வழக்குப் போடாமல் எந்த வாதமும் தீர்ப்பானதில்லை. பள்ளத்தாக்கின் இளம் வழக்கறிஞர்களுக்கு இதை ஒரு வேண்டுகோளாகவே வைக்கிறேன்.

2015 செப்டம்பரில் மூணாற்றின் தேயிலைத் தோட்டப் பெண்கள் 'பெம்பிளை ஒருமை' என்று தெருவை மறித்தபோது அவர்களுக்கு நாள் கூலி 232 ரூபாய். கட்சித் தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டுப் போராடினார்கள். போனஸ் வாங்கினார்கள், பின்பு கூலி 301 ஆனது. அந்தப் பெண்களில் ஏராளமானோர் தமிழ்த் தலித்துகள். நம்மிடம் முகநூல் பதிவு இருந்தது, அவர்களிடம் சாலை இருந்தது.

அத்தையால் இப்போது மலை ஏற முடியாது. இடுப்பு வலி மழைக்காலத்தில் கூடுகிறது. சென்ற மாதம் இந்தக் கட்டுரையைப் பற்றிச் சொன்னபோது, "எழுதுடா. எழுதிட்டு, அந்த டிரைவர் கேசு என்னாச்சுன்னு விசாரிச்சியா?" என்று கேட்டார்.

விசாரித்தேன். அவருக்கு அபராதம் விதித்தார்கள். வட்டிக்கு வாங்கிக் கட்டியிருக்கிறார்.